சோக்கில் மட்டும் ஓடிய செயின்சா

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஊரெங்கும் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. சேலையூரில் எங்கள் தெருவிலும் சாய்ந்தன, அறுக்க ஆள் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் வாங்கியதுதான் இந்த 58 சிசி பெட்ரோல் செயின்சா. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, புயல் வந்தால் இன்னொருமுறை, அவ்வளவுதான் அதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் மாடிப்படிக்கு அடியில் தூக்கம். இந்த வகை மெஷின் உழைத்துக் கெடுவதைவிடத் தூங்கிக் கெடுவதுதான் அதிகம் என்பது என் கட்சி.

இந்த வருடம் முருங்கையைக் கழிக்கலாம் என்று எடுத்தால், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் கழன்றது. சோக் போட்டால் புடுபுடுவென்று பிடிக்கும், சோக்கை எடுத்ததும் அணைந்துவிடும். தப்பித்தவறி ஓடினாலும் ஆக்சிலேட்டரை அழுத்தினால் திணறி நிற்கும்.

பாதி விடை இதிலேயே இருக்கிறது. சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தருகிறது. அது இருந்தால்தான் ஓடுகிறது என்றால், ஒன்று பெட்ரோல் போதவில்லை, இல்லை எங்கிருந்தோ காற்று கூடுதலாக நுழைகிறது. பிளக்கைக் கழற்றினேன். அவ்வளவு இழுத்தும் நுனி காய்ந்திருந்தது. சிலிண்டர் துளையிலிருந்து தள்ளிப் பிடித்து இழுத்துப் பார்த்ததில் பொறி நன்றாகவே வந்தது. பிளக்கைத் திரும்பப் போட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றில் மெஷினைத் தொங்கவிட்டேன். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும் அழுத்தம், போயிருந்தால் சரசரவென்று இறங்கிவிடும், இது தயங்கித் தயங்கித்தான் இறங்கியது. ஆக, பிஸ்டன் பக்கம் பயமில்லை.

தெருமுனையில் ஒரு டூவீலர் மெக்கானிக் இருக்கிறார். ஆர்எக்ஸ் 100 ஓடிய காலத்தில் பேர் வாங்கியவர். இந்த செயின்சாவில் இருப்பதுபோன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றாலே முகம் மலர்ந்துவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரின் ஸ்க்ரூக்களை நான் காட்டியதும், "அதுல கைய வெக்காதீங்க சார். போன வருசம் நல்லாத்தானே ஓடுச்சு? ஸ்க்ரூ தானா திரும்பாது. மொதல்ல அந்தப் பெட்ரோல எடுத்து வெளிய ஊத்துங்க" என்றார்.

கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பார்த்தால் அடியில் தனியாக ஒரு படலம். இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், 20 சதவீதம் வரைக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடுகின்றன. பெட்ரோல் ஃபில்டரும் டேங்கின் அடியில்தான் கிடக்கிறது. வளைத்த கம்பியால் அதை வெளியே இழுத்தேன், பழுப்பாகப் பிசின் ஏறியிருந்தது. அதோடு வந்த டியூப் விறைத்துப்போய், வளைவில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. பெட்ரோலோடு காற்றையும் உறிஞ்சினால் எப்படி ஓடும்?

இரண்டையும் மாற்றிப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலிலேயே டூ டி ஆயிலைக் கலக்க வேண்டும். என் மெஷினுக்கு 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 போதும் என்கிற மெஷினும் உண்டு, அவரவர் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது சீக்கிரமே ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஆக்சிலேட்டர் திணறல் மட்டும் போகவில்லை.

மிச்சம் கார்புரேட்டர். மரம் அறுக்கும்போது மெஷினைச் சாய்ப்போம், கவிழ்ப்போம் என்பதால் பைக்கில் இருப்பதுபோல மிதவை இதில் கிடையாது. மெல்லிய ரப்பர் சவ்வுகள்தான் பெட்ரோலை இழுப்பதும் அளந்து விடுவதும். இந்த டயாபிரம் விறைத்துவிட்டால் தேவையான நேரத்தில் அசையாது. என்னுடையதை எடுத்துக் காதருகே ஆட்டினால் பிளாஸ்டிக் தாள்போலச் சத்தம் போட்டது.

ஜி.பி. ரோட்டில் பைக், கார் சாமான்தான். புது டயாபிரமும் கேஸ்கெட்டும் சேர்ந்து வரும் கிட் நான் கேட்ட கடைகளில் இல்லை. பாரிமுனைப் பக்கம் ஸ்ப்ரேயர், புல்வெட்டி விற்கும் கடை ஒன்றில் கிடைத்தது. பழைய கார்புரேட்டரையே கையில் கொண்டுபோனது நல்லதாயிற்று, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் கிட்டில் துளைகள் இடம் மாறியிருக்கின்றன. பிரிக்கும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் கார்புரேட்டரில் ஒரு பக்கம் கேஸ்கெட் முதலில், மறுபக்கம் டயாபிரம் முதலில்.

ஏர் ஃபில்டரில் அப்பியிருந்த மரத்தூளையும் சைலன்சர் வலையிலிருந்த கரியையும் துடைத்தது சின்ன வேலை. திணறல் போய்விட்டது, ஸ்க்ரூக்களைத் தொடவேண்டி வரவில்லை. ஐடிலிங் ஸ்க்ரூவை மட்டும், சும்மா ஓடும்போது செயின் சுற்றாத அளவுக்குக் குறைத்தேன். முழு வேகத்தில் ஓடும்போது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஹெச் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி இறுக்கினால் சத்தம் கம்பீரமாகத்தான் கேட்கும். ஆனால் பெட்ரோல் குறையும்போது அதிலுள்ள ஆயிலும் குறைந்து பிஸ்டன் கீறிவிடும் என்று மெக்கானிக் எச்சரித்தார்.

முருங்கையைக் கழித்தாயிற்று. டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டுத்தான் உள்ளே வைத்தேன். தூங்குமூஞ்சிக் கிளை ஒன்று பாக்கி. அது தலைக்கு மேலே உயரத்தில் இருக்கிறது, ஏணியில் நின்று செயின்சா பிடிக்கிற வேலை எனக்கு வேண்டாம். அதற்கு மட்டும் ஆள் சொல்லியிருக்கிறேன்.