கோட்டைக்கு 1,200 யென், பக்கத்தில் 600 யென்

ஒசாகா போகிறவர்கள் எல்லோரும் கோட்டைக்கு ஓடுகிறார்கள். வெளியே நின்று பார்க்கவும் அகழியைச் சுற்றி நடக்கவும் காசு வேண்டாம். கோபுரத்துக்குள் ஏறத்தான் 2025 ஏப்ரல் முதல் 1,200 யென். ஏறினால் கிடைப்பது 1931-இல் எழுப்பிய கான்கிரீட் கட்டடம், அதுவும் லிஃப்டோடு! பதினாறாம் நூற்றாண்டில் போர்த்தலைவர் ஹிதேயோஷி கட்டிய கோபுரம் 1615 போரிலேயே எரிந்துவிட்டது. அடுத்து ஆண்ட தொகுகாவா குடும்பத்தின் காலத்தில் கட்டியதை 1665-இல் இடி தின்றது.

அதில் பாதிக் காசுக்குக் கோட்டையின் தென்மேற்கே இருக்கிறது ஒசாகா வரலாற்று அருங்காட்சியகம். கோட்டை முழுசாகத் தெரிவது இதன் சன்னலில்தான். கோட்டைக்குள் நின்றால் கோட்டை எப்படித் தெரியும்? படம் எடுக்க மாலை வெயில் நல்லது, கோபுரத்தின் மேற்கு முகத்தில் வெளிச்சம் விழும். கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள், இல்லையென்றால் உங்கள் முகமும் படத்தில் வரும்.

இறங்க வேண்டிய ரயில் நிலையம் தனிமாச்சி யோன்சோமே. ஹிகாஷி உமேதாவிலிருந்து தனிமாச்சி லைனில் மூன்றாவது நிறுத்தம். நம்பாவிலிருந்து வந்தால் ஹோம்மாச்சியில் சூவோ லைனுக்கு மாறவும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பலர் ஏமாறுவது இங்கேதான், அன்றைக்குக் கோட்டை திறந்திருக்கும், இது மூடியிருக்கும். காலை 9:30-க்குத் திறந்து மாலை 5-க்குச் சாத்துகிறார்கள், 4:30-க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

டிக்கெட் வாங்கியதும் லிஃப்டில் நேரே 10-ஆம் மாடி, பிறகு எஸ்கலேட்டரில் ஒவ்வொன்றாகக் கீழே. (தரைத்தளத்தையே 1 என்று எண்ணும் ஊர், நம் கணக்கில் அது 9.) மேலே, பழங்காலத்தில் இங்கே இருந்த நானிவா அரண்மனையின் அரசவை மண்டபம் நிஜ அளவில் நிற்கிறது. சிவப்புத் தூண்கள், வரிசையாக அரசவை உடையில் பொம்மை அதிகாரிகள். நகர்ந்துவிடாதீர்கள்: அங்கே ஓடும் திரைப்படம் முடிந்ததும் சன்னல் திறக்கும், அந்த அரண்மனை இருந்த இடமே கீழே பூங்காவாகத் தெரியும். பக்கத்து விரைவுச்சாலையையும் கவனியுங்கள். தூண்கள்மேல் வரும் சாலை, இடிபாடு இருக்கும் இந்த இடத்தில் மட்டும் தரைக்கு இறங்கி ஓடுகிறது. மண்ணுக்குள் இருப்பதைத் துளைக்கக் கூடாதென்று அப்படிக் கட்டினார்கள். 645-இல் தலைநகரான இடம் இது; முதல் அரண்மனை 686-இல் எரிந்தது, சோமு பேரரசர் எட்டாம் நூற்றாண்டில் மறுபடி எழுப்பினார்.

9-இல் நுணுக்கமான நகர மாதிரிகள். 8 அகழாய்வு பற்றியது, பிள்ளைகள் இருந்தால் நில்லுங்கள், மற்றவர்கள் தாண்டலாம். 7-ஐ விடவே கூடாது. 1925-இல் எல்லையை விரித்து மக்கள்தொகையில் டோக்கியோவையே முந்திய ஒசாகாவின் கடைத்தெருவுக்குள் நடக்கலாம். விளக்கப் பலகைகளில் நிறைய ஜப்பானிய மொழியில் மட்டுமே, போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் மாடிச் சிறப்புக் கண்காட்சிக்குத் தனி டிக்கெட், பட்ஜெட்காரர்கள் விட்டுவிடலாம்.

வெளியே வந்ததும் ரயிலுக்கு ஓடாதீர்கள். வளாகத்தில் நிற்கும் பெரிய கூரைக் கொட்டகை, இங்கே தோண்டியபோது தடம் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டுக் களஞ்சியங்கள் பதினாறில் ஒன்றின் மறுகட்டுமானம். பார்க்கக் காசில்லை.