கருப்பாயியின் பல்லும் ஈறும்: செல்லூர் நாட்குறிப்பு

ஏப்ரல் 3, 2025

எங்கள் வீட்டுப் பூனை கருப்பாயி கொட்டாவி விட்டால் இப்போதெல்லாம் ஒரு வீச்சம் வருகிறது. மீன் தின்ற கவுச்சி என்றால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். இது காலையில் வெறும் வயிற்றிலும் இருக்கிறது. அப்புறம், சாளைத் துண்டைத் தலையை வலப்பக்கம் சாய்த்தே மெல்கிறாள். பாதியில் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுக்கிறாள். பசி குறையவில்லை, தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் நகர்கிறாள். அதனால் வீட்டில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

மதியம் அவள் தூக்கக் கலக்கத்தில் இருந்தபோது மேலுதட்டின் ஓரத்தை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். பெரிய கடைவாய்ப்பல்லில் பழுப்பாகக் காரை ஏறியிருக்கிறது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில், ஈர்க்குச்சியில் குங்குமம் தொட்டு இழுத்தது போல ஒரு சிவப்புக் கோடு. கருப்புப் பூனை என்பதால் ஈறில் அங்கங்கே கருந்திட்டு உண்டு, அது பிறவி நிறம். மற்ற இடமெல்லாம் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். இந்தச் சிவப்புதான் சரியில்லை.

ஏப்ரல் 5

டாக்டரம்மாவிடம் கொண்டு போனோம். பொறுமையாகப் பார்த்தார். வளர்ந்த பூனைக்கு 30 பல், மேலே 16, கீழே 14. தின்றதும் பல்லின் மேல் கிருமிகள் ஒரு மெல்லிய படலமாகப் படியும். அதைத் துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து இரண்டு மூன்று நாளிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கும். கெட்டியான காரை பிரஷ்ஷுக்கு அசையாது. மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லுக்குப் பக்கத்தில் எச்சில் சுரப்பியின் வாய் திறப்பதால் அங்கேதான் காரை சீக்கிரம் ஏறுமாம்.

ஆனால் அவர் கவலைப்பட்டது காரையைப் பற்றி அல்ல. இடது கீழ்த்தாடையில், கோரைப்பல்லுக்குப் பின்னால் வரும் முதல் பல்லின் அடியில் ஈறு கொஞ்சம் மேலேறி மூடியிருந்தது. அந்த இடத்தைத் தொட்டதும் கருப்பாயியின் தாடை வெடவெடவென்று ஆடியது. “பாருங்கம்மா, இதான் வலி. கத்த மாட்டாங்க, அடம்பிடிக்க மாட்டாங்க, இப்படித்தான் தெரியும்” என்றார்.

நமக்கு வருகிற சொத்தைப்பல் பூனைக்கு அபூர்வம். அதற்குப் பதில் பல்லை அவற்றின் உடலே அரித்துக் கரைத்துவிடுகிற ஒரு நோய் இருக்கிறது. வயதான பூனைகளுக்கு அதிகம் வரும். ஏன் வருகிறது என்று இன்னும் முழுசாகக் கண்டுபிடிக்கவில்லை. அடைத்துச் சரிசெய்ய முடியாது, பிடுங்கத்தான் வேண்டும். ரத்தச் சோதனை செய்து சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்யலாம் என்று முடிவானது.

ஏப்ரல் 10

பல் எடுத்தாயிற்று. எக்ஸ்ரேயில் அந்த ஒன்றின் வேர் மட்டும்தான் கரைந்திருந்தது, மற்றவை தப்பின. காரையையும் ஈறுக்கு அடியில் வரைக்கும் எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் கொடுக்காமலே காரையைச் சுரண்டித் தருகிறோம் என்று சில இடங்களில் சொல்கிறார்கள். பூனை வளர்ப்பவர்கள் அதை நம்பிப் போக வேண்டாம். வெளியே பல் வெள்ளையாகத் தெரியும். நோய் இருக்கிற இடமோ ஈறுக்குக் கீழே. அங்கே விழித்திருக்கும் பூனையிடம் கருவி போகவே போகாது.

ஏப்ரல் 11

அப்பத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. “ஏத்தா, ஒரு சொட்டு கிராம்புத் தைலத்தப் பஞ்சுல தொட்டு வையி, வலி ஓடிப்போயிரும்” என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. அப்பத்தாவின் வைத்தியம் எங்கள் எல்லோரையும் வளர்த்த வைத்தியம், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பூனைக்கு அது ஆகாது. கிராம்பு எண்ணெயில் இருப்பது போன்ற பொருள்களை நம் கல்லீரல் முறித்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. உடம்பிலேயே தங்கி விஷமாகிவிடும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மதினி பாராசிட்டமால் பாதி உடைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். இதை எல்லோருக்கும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும். ஈறு சிவப்பு மாறிப் பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் அந்த நிமிஷமே மருத்துவரிடம் ஓட வேண்டும். வலி மருந்து டாக்டரம்மா எடை பார்த்துத் தந்தது மட்டும்தான்.

ஏப்ரல் 17

15ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கரிமேடு மார்க்கெட்டில் கண்மாய் ஜிலேபி மீன்தான் கூடுதலாகக் கிடக்கிறது. வேகவைத்து, முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்து, விரலால் மசித்துக் கொடுக்கிறேன். தையல் கரையும் வரை வாயில் கை வைக்கக் கூடாது.

ஏப்ரல் 27

காயம் ஆறிவிட்டது, பல் தேய்க்கத் தொடங்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிரஷ்ஷை இன்னும் வெளியே எடுக்கவில்லை. கன்னத்தைத் தடவுவது அவளுக்குப் பிடிக்கும். தடவிக்கொண்டே உதட்டோரத்தைத் தொட்டு, உடனே ஒரு துண்டு கோழி. அவ்வளவுதான் இன்றைக்கு.

மே 4

வெந்த கோழித் தண்ணீரில் விரலை நனைத்துப் பல்லின் மேல் தேய்த்தேன். நக்கிக்கொண்டாள். அப்புறம் மெல்லிய பருத்தித் துணியை விரலில் சுற்றித் தேய்த்தேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

வாயைத் திறக்க வேண்டியதே இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பூனைக்குப் பல் தேய்ப்பது என்றதும் வாயைப் பிளந்து பிரஷ்ஷை உள்ளே விடுவதைத்தான் நினைத்துப் பயப்படுகிறோம். வாய் மூடியே இருக்கட்டும். உதட்டோரத்தை மேலே தூக்கினால் கடைவாய்ப்பல்லின் வெளிப்பக்கம் முழுசாகத் தெரியும், தேய்க்க வேண்டியதும் அதைத்தான். உள்பக்கத்தைச் சொரசொரப்பான அந்த நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்கிறது. எதிரே உட்கார்ந்து முகத்துக்கு நேரே கையை நீட்டினால் பின்வாங்குவாள். அதனால் மடியில் என்னைப் போலவே முன்பக்கம் பார்த்து உட்கார வைத்துக்கொள்கிறேன்.

மே 8

பூனைக்கான பல் பசை வந்தது, கோழிச் சுவை. மனிதர்கள் பயன்படுத்தும் பேஸ்ட் பூனைக்குக் கூடாது. அதில் ஃபுளோரைடும் நுரை வரும் பொருளும் இருக்கின்றன. பூனைக்குத் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் செய்யும். நம் பேஸ்ட்டின் இனிப்பும் அதற்கு வீண். பூனையின் நாக்குக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணரும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கினார். உசிலம்பட்டியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்துவிட்டது. விடிய விடிய மேளம், வெடி. கருப்பாயி பரணை விட்டு இறங்கவில்லை. இன்றைக்குப் பல் தேய்ப்பு கிடையாது, தொந்தரவு செய்யவும் இல்லை.

மே 19

இன்று முதல் பிரஷ். குழந்தைகளுக்கான மென்மையான சின்னத் தலை பிரஷ்தான். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். மேல்வரிசை முதலில். ஒரு பக்கம் முடிந்ததுமே வாலை அடிக்க ஆரம்பித்தாள், நிறுத்திவிட்டேன். மறுபக்கம் நாளைக்கு. வால் ஆடினாலோ காது பின்னால் மடங்கினாலோ அன்றைக்கு அத்தோடு விட்டுவிட வேண்டும். ஒருநாள் அமுக்கிப் பிடித்தால் மறுநாள் பிரஷ்ஷைக் கண்டதும் ஓடுவாள்.

பிரஷ்ஷில் லேசாக ரத்தம். வீக்கம் இருந்த ஈறு, முதலில் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தொடர்ந்து வந்தால் காட்ட வேண்டும்.

மே 25

தெருமுனை டீக்கடைப் பூனைக்கு வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது. தாடை மயிர் சிக்குப் பிடித்திருக்கிறது, பாலைக் கண்டு ஓடி வருகிறது, ஒரு வாய் வைத்ததும் கத்திக்கொண்டு பின்னால் போகிறது. பார்க்க வயிறு எரிகிறது. வெறும் கையால் தொட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். எச்சில் வடிவது வெறிநோயிலும் உண்டு. கூண்டு வைத்துப் பிடித்து டாக்டரம்மாவிடம் கொண்டு போனோம். வெறிநோய் இல்லை, தொண்டை வரைக்கும் ரணம் பரவிய ஈறு நோய். சில வைரஸ்களோடு சேர்ந்து வரும்; உடம்பு தன் பல்லைச் சுற்றியுள்ள சதையோடு தானே சண்டை போடும் நிலை. பெரும்பாலும் கடைவாய்ப்பல் அத்தனையையும் எடுப்பதுதான் வழியாம். பல் இல்லாமல் எப்படித் தின்னும் என்று கடைக்காரர் கலங்கிவிட்டார். பூனை அசைபோட்டு அரைக்கிற பிராணி இல்லை. வலி போனால் மசித்த சோற்றையும் மீனையும் நன்றாகவே தின்னும். செலவை நான்கு வீடு பங்கு போட்டுக்கொள்கிறோம்.

ஜூன் 2

மதினி வீட்டு மகள் ஒரு குட்டியை எடுத்து வந்திருக்கிறாள். 26 பால்பல்லும் அரிசியைவிடச் சின்னது. ஆறு மாதத்துக்குள் அவை உதிர்ந்து நிலைப்பல் வந்துவிடும். பல் விழும் சமயம் ஈறு வலிக்கும், பிரஷ் வேண்டாம். உதட்டைத் தூக்கிப் பார்ப்பதை மட்டும் இப்போதே பழக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். குட்டி என் விரலைக் கடித்துச் சப்பிக்கொண்டிருந்தது.

கெட்டித் தீவனம் போட்டாலே பல் சுத்தமாகிவிடும் என்று கடையில் சொன்னார்களாம். சாதாரணத் தீவனம் பல்லின் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும், ஈறோரம் வரை போகாது.

ஜூன் 9

டாக்டரம்மாவிடம் மறுபடி காட்டினோம். மேல் ஈறு இரண்டு பக்கமும் வெளிர் ரோஜாவுக்கு வந்துவிட்டது. வாடை இல்லை. தலையைச் சாய்க்காமல் தின்கிறாள். வலது கீழ்ப்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் சிவப்பு. ஒரு பல் கரைந்த பூனைக்கு இன்னொன்றும் கரைய வாய்ப்பு அதிகம், எவ்வளவு தேய்த்தாலும் அதைத் தடுக்க முடியும் என்று சொல்ல முடியாது, அதனால் டிசம்பரில் எக்ஸ்ரேயோடு ஒரு சோதனை என்றார். அதுவரை தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிரஷ், வலது கீழ்ப்பக்கம் முதலில். பசை தீரப்போகிறது, சனிக்கிழமைக்குள் வாங்க வேண்டும்.