வால்நட் பலகைக்குச் சாயம் எதற்கு?

தச்சு வேலை பழகுகிறவர்கள் வால்நட் பலகை வாங்கிவிட்டு, "இதுக்கு என்ன சாயம் அடிக்கலாம்?" என்று கேட்கும்போது எனக்கு மனசு பதறும். அந்த மரத்தில் நாம் காசு கொடுத்து வாங்குவதே நிறத்தைத்தான்.

நான் அதிகம் கையாள்வது கருப்பு வால்நட். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மரம். நடுவிலுள்ள வைரப்பகுதி சாக்லேட் பழுப்பு. ஊடே சாம்பலும் ஊதாவும் ஓடும். வெளிப்புற வெள்ளைப்பகுதி வெளிறியிருக்கும். அறுவை ஆலைகளில் பலகைகளை நீராவியில் வைத்து அந்த வெள்ளையையும் பழுப்பாக்குவார்கள். கழிவு குறையும், சரி. ஆனால் வைரத்தில் இருந்த ஊதாச் சாயலும் அதோடு மங்கிவிடும். ஆவி படாமல் காற்றில் உலர்ந்த பலகை கிடைத்தால் நான் விடவே மாட்டேன்.

வேலைக்கு இவ்வளவு இணக்கமான மரம் குறைவு. கனமீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ எடை. கெட்டித்தன்மையில் தேக்குக்குக் கொஞ்சம்தான் கீழே. தேக்கில் இருக்கும் சிலிக்கா என்ற மணல்சத்து உளியின் முனையைத் தின்றுவிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை. நன்றாக உலர்ந்தபின் அவ்வளவாகக் கோணாது. துப்பாக்கிக் கட்டைக்கு நூற்றாண்டுகளாக இதையே தேடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளை பிரியும் கவட்டையில் அறுத்த பலகை தனி அழகு. நடுத்தண்டிலிருந்து இரு பக்கமும் இறகு விரிந்ததுபோல் ரேகை ஓடும். இழைப்பதுதான் பாடு. ஒரு கை அகலத்துக்குள்ளேயே நார் திசை மாறும். இழைப்புளி இங்கே வழுக்கிக்கொண்டு போகும், அங்கே நாரைப் பிய்த்தெடுக்கும். அலகை நன்றாகத் தீட்டி, தாள் கனத்துக்குச் சீவி, கடைசியில் சுரண்டு தகட்டால் முடிப்பேன். உப்புத்தாளை அதற்கு அப்புறம்தான் தொடுவேன்.

பசை ஈரமாக இருக்கும்போது இரும்புக் கவ்வி மரத்தில் படக்கூடாது. மரத்தின் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்து கருநீலக் கறை விழும். நடுவே மெழுகுத்தாள் வையுங்கள். தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும், முகமூடி அவசியம். கருப்பு வால்நட் சீவலைக் குதிரை லாயத்தில் பரப்பவே கூடாது. குளம்பு அழற்சி வரும்.

பல மரங்கள் வருஷம் போகப் போகக் கருக்கும். வால்நட் வெயில் பட்டால் வெளுத்து, தேன் நிறத்துக்கு வரும். அதற்குப் பயந்துதான் பலர் சாயம் தேடுகிறார்கள். எனக்கு அந்தத் தேன் நிறமும் பிடிக்கும். பிடிக்காதவர்கள் மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டால் வெளுப்பது மெதுவாகும்.

மேல்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயே எனக்குப் போதும். முதல் கை தேய்த்ததும் தூசி படிந்த பழுப்பு ஆழமாகும், அதுவரை தெரியாத ரேகையெல்லாம் எழும்பும். மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட்டு இரண்டு கை பூசலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.