'எர்த்' கிளாம்ப் எங்கே கடிக்கிறது?

வெல்டிங் மெஷினிலிருந்து வரும் இரண்டாவது கேபிளை எல்லோரும் 'எர்த்' என்றுதான் சொல்கிறோம். பாதிக் குழப்பத்துக்கு அந்தப் பெயரே காரணம். அது பூமிக்குப் போகும் எர்த் இல்லை. ராடு வழியாகப் போன கரண்ட் மெஷினுக்குத் திரும்பி வரும் பாதை. மெஷின் பாடியைப் பூமியோடு சேர்க்கும் பச்சை வயர் வேறு, அதன் வேலையும் வேறு.

200 ஆம்பியர் போனால் 200 ஆம்பியரும் திரும்பியாக வேண்டும். அந்தக் கேபிளின் நுனியில் உள்ள கிளாம்பை ஜாப்பில் (வெல்டிங் அடிக்கும் இரும்பில்) மாட்டாமல் தூரத்துத் தூணிலோ ஸ்ட்ரக்சரிலோ மாட்டிவிட்டால், நடுவில் இருக்கும் போல்ட், செயின், வயர் ரோப், பேரிங் எல்லாம் கேபிளாக மாறிவிடும். கிரேனில் தொங்கும் ஜாப் என்றால் வயர் ரோப்பின் இழைகள் சூடாகி வலுவிழக்கும். பேரிங்கில் பால்களுக்கும் அவை உருளும் ரேஸுக்கும் இடையே சின்னச் சின்னப் பொறி பறந்து குழி விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு சத்தம் வரும்போது யாரும் வெல்டிங்கை நினைக்க மாட்டார்கள்.

இன்னும் மோசமானது ஹேண்ட் கிரைண்டர். மெட்டல் பாடி உள்ள கிரைண்டரை ஜாப் மேல் வைத்திருந்தால், திரும்பும் கரண்ட்டில் ஒரு பங்கு அதன் எர்த் வயர் வழியாக ஓடலாம். சில ஆம்பியருக்கான மெல்லிய வயர் அது. உள்ளுக்குள் உருகி அறுந்துபோகும், கிரைண்டர் மட்டும் வழக்கம்போல் சுற்றும். அடுத்து இன்சுலேஷன் பழுதானால் பாடியைப் பிடித்தவருக்கு முழு மெயின் வோல்டேஜ்.

ஆகவே கிளாம்ப் ஜாப்பிலேயே, வெல்டிங் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பெயின்ட்டும் துருவும் சுரண்டிய இரும்பைக் கடிக்க வேண்டும். மோசமான தொடர்பில் 10 மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே 200 ஆம்பியரில் 400 வாட் சூடு அங்கே உண்டாகும். கிளாம்ப் கருகுவது அதனால்தான். கேபிள் நுனியில் பொருத்திய லக்கைத் தொட முடியாத அளவுக்குச் சுட்டால் அதை மாற்றாமல் வேலையைத் தொடரக் கூடாது.

இப்போது ஷாக். ஆர்க் எரியும்போது 20 முதல் 30 வோல்ட்தான். ஆர்க் அணைந்ததும், ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (கரண்ட் ஓடாதபோது நிற்கும் வோல்டேஜ்) ஏறிவிடும். வெல்டிங் மெஷின்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.இ.சி 60974-1 சாதாரண இடத்துக்கு ஏ.சி.யில் 80 வோல்ட், டி.சி.யில் 113 வோல்ட் வரை அனுமதிக்கிறது. ஈரமான, நெருக்கடியான இடத்தில் ஏ.சி.க்கு வரம்பு 48 வோல்ட். அதற்கு ஏற்ற மெஷினின் பெயர்த் தகட்டில் 'எஸ்' குறி இருக்கும். ராடு மாற்றும்போதுதான் பெரும்பாலும் அடி விழும், வியர்வையில் ஊறிய கிளவுஸ் அதைத் தடுக்காது. டேங்குக்குள் வேலை என்றால் வறண்ட கிளவுஸ் இரண்டு ஜோடி, காலுக்கடியில் ரப்பர் மேட் அல்லது காய்ந்த பலகை, சுவிட்சை அணைக்க வெளியே ஒரு ஆள். ஹோல்டரைத் தண்ணீரில் முக்கிக் குளிரவைக்கும் பழக்கத்தை மன்னிக்கவே முடியாது.

"30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி இருக்கே" என்பார்கள். அது மெயின் பக்கத்தில் கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி, அவ்வளவுதான். மெஷினுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கத்தையும் பிரித்துவிடுவதால், ஹோல்டருக்கும் ஜாப்புக்கும் நடுவில் ஒருவர் மாட்டிக்கொண்டால் ஆர்.சி.டி.க்குத் தெரியவே தெரியாது. அங்கே உதவுவது வி.ஆர்.டி. ஆர்க் இல்லாத நேரத்தில் வோல்டேஜை அது தாழ்த்திவைக்கும்.

ஒரே ஜாப்பில் இரண்டு மெஷின் ஓடினால் போலாரிட்டி ஒன்றாக இருக்கட்டும். எதிரெதிராக இருந்தால் இரு ஹோல்டர்களுக்கும் இடையே இரண்டின் வோல்டேஜும் கூடி, 80-ம் 80-ம் 160 ஆகும்.

பக்கத்து எலக்ட்ரானிக் கருவிகளுக்கு வரும் இடையூறுக்கும் வேர் இதே பாதைதான். போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் விலகிக் கிடந்தால் நடுவே பெரிய வளையம் உண்டாகும். வளையம் பெரிதானால் காந்தப்புலமும் பரவும். இரண்டையும் சேர்த்து டேப் சுற்றி, தரையோடு போடுங்கள், மிச்சக் கேபிளைச் சுருட்டி வைக்காதீர்கள். சென்சார், எடை அளக்கும் லோட் செல், சூடு அளக்கும் தெர்மோகப்பிள் வயர்களுக்கு இணையாக ஓடவிடக் கூடாது, குறுக்கே போக வேண்டுமானால் 90 டிகிரியில் கடக்கட்டும். டங்ஸ்டன் ராடு வைத்து அடிக்கும் டிக் வெல்டிங்கில், ஜாப்பைத் தொடாமலே ஹை ஃப்ரீக்வென்சி பொறியால் ஆர்க் பற்றவைக்கும் எச்.எஃப் ஸ்டார்ட் இதைவிடத் தொல்லை. சில ஆயிரம் வோல்ட் பொறி என்பதால் கேபிளே ஆன்டெனா ஆகிவிடும், பக்கத்தில் கம்ப்யூட்டரால் ஓடும் சி.என்.சி மெஷின் ஹேங் ஆகும். ஜாப்பைத் தொட்டு எடுத்து ஆர்க் பற்றவைக்கும் லிஃப்ட் ஆர்க் வசதி இருந்தால் அதையே பயன்படுத்தலாம். மெஷின் கவரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் தப்பு, அந்தத் தகடுதான் ஷீல்டு.

வண்டியில் வெல்டிங் என்றால் பேட்டரியின் நெகடிவை முதலில் கழற்றி, ஆல்டர்னேட்டர், ஈ.சி.யு (வண்டியின் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) கனெக்டர்களையும் எடுத்துவிடுங்கள். சாவியைத் திருப்பி அணைத்தால் மட்டும் போதாது.

பேஸ்மேக்கர் வைத்தவர் டாக்டரிடம் கேட்காமல் கிட்டே வரக் கூடாது. டாக்டர் சரி என்றாலும் ஆர்க்கும் கேபிளும் நெஞ்சிலிருந்து 60 செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்கட்டும். யாராக இருந்தாலும் கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்ள வேண்டாம். இரண்டு கேபிளும் உடம்புக்கு ஒரே பக்கத்தில் போக வேண்டும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று போனால் அந்த வளையத்துக்கு நடுவில் நிற்பது நாம்தான்.