மூன்றாவது வரிசை

ஏற்காடு பஸ் ஏழாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதுதான் முன் சீட்டில் இருந்தவரைக் கவனித்தேன். எங்கள் ஐயா! ஆசிரியர் பயிற்சியில் எனக்குப் பாடம் எடுத்தவர்.

"ஐயா, நான் உங்க மாணவி" என்றேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. "வகுப்புல எத்தனை பிள்ளைங்க?" என்றார்.

கற்பித்தல் பயிற்சி நாட்களில் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்வார். என்னைப் பார்க்கவே மாட்டார். பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்ப்பார். பாடக்குறிப்பு நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதித் தருவார்.

'மூன்றாவது வரிசைப் பையன் இருமுறை கை தூக்கினான்.'

நான் அவனைக் கவனிக்கவே இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்கள் வந்தன. சேலத்துக்கு உத்தமசோழபுரத்தில். அங்கெல்லாம் இப்படி எத்தனை பேர் உழைத்திருப்பார்கள்! நம் பிள்ளைகளுக்கு இவர்களை யாரென்றே தெரியாது. ஆனால் அவர்களுடைய டீச்சர் கரும்பலகையில் பிள்ளைகளுக்கு முதுகு காட்டாமல் எழுதுகிறாரா, முகம் காட்டிப் பேசுகிறாரா என்பதில்கூட இவர்கள் இருக்கிறார்கள்.

இறங்கும்போது கேட்டார்: "ஒரு நாள் வரட்டுமா? கடைசி பெஞ்சு இருக்குல்ல?"

கண் கலங்கிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்று முதல் பாடவேளையில் மூன்றாவது வரிசையை எத்தனை முறை பார்த்தேனோ.