மாநிலத்தின் கையில் இல்லாத வரி

ஏற்றுமதி இறக்குமதி என்றாலே நாட்டுக்கு லாபமா நட்டமா என்றுதான் பேசுகிறோம். ஆனால் லாபமும் சரி, நட்டமும் சரி, நாடு முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை, ஏதோ சில மாவட்டங்களில் போய்க் குவிகிறது.

முதலில் அடிப்படைக் கணக்கு. 1817-இல் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ போட்டது. குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும், ஒயினுக்கு 120. போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. அப்படியிருந்தும் அது ஒயினை விற்றுத் துணியை வாங்கினால், 80 பேரின் உழைப்பைக் கொடுத்து, தானே செய்தால் 90 பேர் தேவைப்படும் சரக்கை வாங்கிக்கொள்கிறது. இங்கிலாந்தோ 100 பேரின் உழைப்பில் செய்த துணியைக் கொடுத்து, தானே செய்தால் 120 பேர் தேவைப்படும் ஒயினை வாங்கிக்கொள்கிறது. இருவருக்கும் ஆதாயம், கணக்கில் தப்பே இல்லை. ஆனால் தறி ஓட்டியவர் மறுநாளே திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார் என்று அது பாட்டுக்கு வைத்துக்கொள்கிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

அமெரிக்காவின் சவுத் கரோலினாவைப் பாருங்கள். ஸ்பார்டன்பர்க் வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் பஞ்சாலைகள். இறக்குமதித் துணி வர வர மில்கள் ஒவ்வொன்றாக மூடின, 2005 ஜனவரி 1-இல் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி இறக்கலாம் என்று உச்சவரம்பு வைத்திருந்த உலக ஜவுளிக் கோட்டா முறையும் முடிவுக்கு வந்தது. அதே ஊர்ப் பக்கம்தான் ஜெர்மன் கார் கம்பெனியான பி.எம்.டபிள்யூ. 1992-இல் ஆலை அறிவித்து, 1994-இல் கார் தயாரிக்க ஆரம்பித்தது. அந்த மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ஐரோப்பிய உதிரி பாகங்கள் இறங்குகின்றன, அதே துறைமுகத்தில் கார்கள் கப்பல் ஏறுகின்றன. அதாவது இங்கே இறக்குமதியைத் தடுத்தால் ஏற்றுமதியும் சேர்ந்து அடிவாங்கும்.

2018-இல் அது நன்றாகவே தெரிந்தது. மார்ச்சில் வாஷிங்டன், அதாவது அமெரிக்க மத்திய அரசு, வெளிநாட்டு உருக்குக்கு 25 சதவீத வரி போட்டது. அப்புறம் சீனப் பொருள்களுக்கும் வரி போட, பதிலுக்குச் சீனா ஜூலையில் அமெரிக்கக் கார்களுக்கான வரியை 40 சதவீதமாக்கியது. இதில் சவுத் கரோலினாவைக் கேட்டது யார்? மாநிலங்கள் தாங்களாகச் சுங்கவரி போடவே முடியாது, அரசியல் சட்டத்திலேயே தடை. டாலரின் மதிப்பும் அவர்கள் கையில் இல்லை.

மாநிலத்தின் கையில் மிச்சம் இருப்பது துறைமுகம், ரயில், சாலை, தொழில் பயிற்சி, வரிச்சலுகை. 2013-இல் கடலிலிருந்து 300 கி.மீ.க்கு மேல் தள்ளி கிரீர் என்ற ஊரில் உள்நாட்டுச் சரக்கு முனையம் திறந்து ரயிலில் துறைமுகத்தோடு இணைத்தார்கள், 2022-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை 52 அடிக்கு ஆழப்படுத்தி முடித்தார்கள். என்னைக் கேட்டால் இதெல்லாம் உருப்படியான செலவு. ஒரு கம்பெனி போனாலும் இன்னொன்று பயன்படுத்திக்கொள்ளும். வரிச்சலுகை அப்படியில்லை, பக்கத்து மாநிலம் கூடுதலாகக் கொடுத்தால் அதோடு போச்சு.

இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க 1962-இலிருந்து அமெரிக்க மத்திய அரசின் திட்டம் ஒன்று இருந்தது. 2022 ஜூலையில் அதன் சட்ட அனுமதி காலாவதியாகி, புதிய மனுக்களை ஏற்பது நின்றுபோனது.