லைன் ஃபாலோயர் போட்டிக்குப் போகிறீர்களா? முதலில் சென்சார் வயரைச் சரி பண்ணுங்கள்

தரையில் போட்ட கோட்டைச் சென்சாரால் பார்த்துத் தானாக ஓடும் ரோபோதான் லைன் ஃபாலோயர். போட்டிக்குத் தயாராகும் ஜூனியர்கள் வந்து கேட்பதெல்லாம் பிஐடி மதிப்புகளைத்தான், அதாவது ரோபோ கோட்டைவிட்டு விலகினால் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கோடிங்கில் கொடுக்கும் எண்களை. நான் முதலில் வயரைக் காட்டச் சொல்வேன். ஜம்பர் வயர் (சும்மா செருகி எடுக்கும் இணைப்பு வயர்) மேஜைமேல் வைத்துச் சோதனை பண்ணத்தான் சரி, அதில் பூட்டு கிடையாது, ரோபோ ஓடுகிற அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். முழுசாகக் கழன்றால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பாதி கழன்றால்தான் வம்பு. சிக்னல் விட்டுப்போன அனலாக் பின் (pin, போர்டில் சென்சார் அளவைப் படிக்கும் முனை) பூஜ்யம்தான் காட்டும் என்றில்லை, கண்டபடி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், நாம் கோடிங்கில் தப்பு என்று நினைத்து ஒழுங்காக இருந்த பிஐடியைக் கெடுத்துவைப்போம்.

அதனால் நாங்கள் ஜேஎஸ்டி எக்ஸ்ஹெச் (JST XH) என்ற வகை கனெக்டருக்கு மாறினோம். அதில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 2.5 மி.மீ., பெர்ஃப்போர்டில் (பாகங்களைச் சால்டர் பண்ணும் துளைப் பலகை) துளை இடைவெளி 2.54 மி.மீ., மூன்று நான்கு பின் வரைக்கும் அந்த வித்தியாசம் தொந்தரவு தராது. தலைகீழாகச் செருகவும் வராது.

கிரிம்ப் பண்ணுவதில்தான், அதாவது வயர் முனையில் டெர்மினல் என்ற சின்ன உலோகத் துண்டை அழுத்திப் பொருத்துவதில்தான், ஆயுளே இருக்கிறது. டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கை இருக்கும்: முன்ஜோடி செம்பு இழைகளைப் பிடிக்க வேண்டும், பின்ஜோடி மேலுறையைப் பிடிக்க வேண்டும். பின்ஜோடி உறையைப் பிடிக்காவிட்டால் இழுவை முழுக்க மெல்லிய இழைகளுக்குப் போய்விடும். பலமாக இருக்கட்டும் என்று மேலே சால்டரும் வைக்காதீர்கள், அது இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கிவிடும், அப்புறம் சால்டர் முடிகிற இடத்திலேயே ஒடியும்.

சென்சாரில் வால் மாதிரி சின்ன வயரும் அதன் முனையில் கனெக்டரும் நிரந்தரமாக இருக்கட்டும், நடுவில் வரும் கேபிள் மட்டும் தனி. சென்சார் போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், அடுத்த ரோபோவுக்கும் அதே கேபிள் ஆகும். எல்லாவற்றிலும் ஒரே வரிசை: கிரவுண்ட், பிளஸ், சிக்னல். சர்வோவிலும் பிளஸ் நடுவில்தான் வரும், பூட்டில்லாத கனெக்டரைத் திருப்பிச் செருகினால்கூட பிளஸ் இடம் மாறாது.

கனெக்டரிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, கொஞ்சம் தளர்வு விட்டு, வயரை சேஸிஸோடு ஜிப் டை போட்டுக் கட்டிவிடுங்கள். இழுவை டையோடு நிற்க வேண்டும், கனெக்டர் பின்களுக்குப் போகக்கூடாது.

கடைசியாக, மல்டிமீட்டர் பீப் அடிப்பதை மட்டும் நம்பாதீர்கள். ரோபோவை அசையாமல் வைத்து, சீரியல் பிளாட்டரை (சென்சார் அளவைக் கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டுவது) திறந்து, ஒவ்வொரு கனெக்டரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். கோடு துள்ளினால் அந்த டெர்மினலைத் திரும்ப அழுத்திப் பயனில்லை, வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக கிரிம்ப் பண்ணுங்கள்.